டியூனிங் முடிந்த வண்டி

ஓடிக்கொண்டிருந்த வண்டி டியூனிங் முடிந்ததும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், டியூனிங் செய்த கை எங்கெல்லாம் பட்டதோ அங்கேதான் முதலில் தேட வேண்டும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் பானெட்டைச் சுற்றி நின்ற ஆண்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எதிர்வீட்டுக்காரர் பெட்ரோல் என்றார். இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், பழைய வண்டி தாங்காது என்று ஒரு சின்னச் சொற்பொழிவே நடந்தது. மளிகைக்கடை அண்ணன் பெட்ரோல் பம்ப் என்றார். இன்னொருவர் பேட்டரி என்றார். செல்ஃப் திடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். "நேத்து இதுல என்ன வேலை பாத்தாங்க டீச்சர்?" என்று யாரும் கேட்கவில்லை.

எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் காலப்போக்கில் கெடுக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே ராத்திரியில், அதுவும் சரியாக டியூனிங் நடந்த ராத்திரியில், வந்து கெடுக்காது.

வண்டி அப்பாவுடையது. 1986 மாடல் அம்பாசடர், மார்க் 4, பெட்ரோல். இன்ஜின் பழைய பிரிட்டிஷ் பி.எம்.சி. கம்பெனியின் 1489 சி.சி.; இசுசு இன்ஜின் வருவதற்கு முந்தையது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும், இடையில் கை நுழைகிற அளவுக்கு இடமும் இருக்கும். கல்கத்தா பக்கம் உத்தர்பாரா தொழிற்சாலையில் தயாரிப்பை 2014-ல் நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து புதுக்கோட்டை கீழராஜ வீதியில் இதை ஓட்டிக்கொண்டு போனால் யாராவது கை காட்டி நிறுத்தி, "விக்கிற ஐடியா இருக்கா மேடம்?" என்று கேட்காமல் விடுவதில்லை. அந்த ஐடியா இல்லை.

அப்பா காலத்திலிருந்தே இதன் எலெக்ட்ரிக்கல் வேலை எல்லாம் பாய்தான் பார்ப்பார். முழுப்பெயர் தெரியாது என்றில்லை, அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது. எழுபது தாண்டிவிட்டார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பட்டறையை மூடிவிட்டுத் திருச்சியில் மகன் வீட்டோடு போய்விட்டார். அதனால் இந்த முறை பைபாஸ் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் சொன்னேன். அவன் வீட்டுக்கே வந்து போர்ட்டிகோவில் வைத்து வேலை செய்தான். நாலு பிளக்குக்கும் பொறியைப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் திறந்து மூடும் சின்ன சுவிட்சான சி.பி. பாயின்ட், கன்டென்சர், சுற்றிச் சுற்றிப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டர், மேல்மூடியான டிஸ்ட்ரிபியூட்டர் கேப், பிளக் நாலு, பிளக் வயர் முழு செட் எல்லாம் மாற்றினான். பேட்டரி அன்றைக்குச் சார்ஜுக்குப் போயிருந்தது. இருட்டிவிட்டதால், "காலையில பேட்டரி மாட்டிட்டு ஒரு தட்டு தட்டுங்க டீச்சர், பிச்சுக்கிட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். வேலை முடித்த இன்ஜினை ஓடவிட்டுக் காதால் கேட்காமல் போனது எனக்கு அப்போதே ஒரு மாதிரிதான் இருந்தது.

மறுநாள் கொன்னையூர் மாரியம்மன் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. அம்மா பின் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்தாயிற்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு இருமல்கூட இல்லை. சோக் இழுத்துப் பார்த்தேன், விட்டுப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அதற்குள்தான் மேலே சொன்ன மருத்துவர் குழு கூடிவிட்டது.

தள்ளிப் பார்ப்போம் என்றார்கள். அம்மாவை இறக்கிவிட்டுத் தெருக்கோடிவரை தள்ளினார்கள். பின்னாலிருந்து பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்றால், பிறகு ஏதோ ஒரு நேரத்தில் பொறி விழும்போது சைலன்சரே வெடித்துப் பிளக்கலாம். ஆனால் அந்த வாடை ஒரு நல்ல சேதியும் சொன்னது: பெட்ரோல் வருகிறது, பம்ப் வேலை செய்கிறது, கார்புரேட்டர் வேலை செய்கிறது. பிளக்கில் பொறிதான் இல்லை. மளிகைக்கடை அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றார்.

அம்மா அக்காவோடு பொன்னமராவதி பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டாள். நான் பழைய சுடிதார் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்காந்தத் தூண்டல் நடத்தும்போது நான் தவறாமல் சொல்கிற உதாரணம் இதுதான். பிளக்குக்குப் பொறி உண்டாக்கித் தருவது காயில். அதற்குள் இரண்டு சுற்று உண்டு. தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. பேட்டரியின் 12 வோல்ட் தடித்த சுற்றின் வழியாகப் போய், டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பாயின்ட் வழியாக எர்த் ஆகிறது, அதாவது வண்டியின் உலோக உடம்பு வழியாகப் பேட்டரிக்கே திரும்புகிறது. பாயின்ட் மூடியிருக்கும்போது கரன்ட் ஓடிக் காந்தப்புலம் உண்டாகிறது. பாயின்ட் படக்கென்று திறந்ததும் கரன்ட் அறுந்து புலம் சரிகிறது; அந்தச் சரிவில்தான் மெல்லிய சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. கரன்ட் ஓடுவதால் பொறி வருவதில்லை, ஓடிய கரன்ட் அறுவதால் வருகிறது. பிள்ளைகள் பரீட்சையில் இதைத் தலைகீழாகத்தான் எழுதுவார்கள். பாயின்ட் திறக்கும்போது அங்கேயே பொறி அடித்துக் கரன்ட் இழுத்துக்கொண்டு போகாமல், வெட்டு சுத்தமாக விழுவதற்குத்தான் பக்கத்தில் கன்டென்சர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் காருக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு. முக்கால் நூற்றாண்டு கழித்து வந்த என் வண்டியிலும் அதேதான். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது அந்தச் சின்னப் பாயின்ட் நொடிக்கு நூறு தடவை திறந்து மூடுகிறது. இதை வகுப்பில் சொன்னால் பின் பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

கொள்கை தெரிந்தவளுக்குக் கோளாறு தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு. அதனால் பாய்க்குப் போன் போட்டேன். வீடியோ கால் அவருக்குப் பிடிக்காது. "எனக்கு மூஞ்சி பாக்க வேணாம், சத்தம் கேட்டாப் போதும்" என்பார். போனை ஸ்பீக்கரில் போட்டு ஏர் ஃபில்டர் மேல் வைத்தேன்.

"யாரும்மா டியூனிங் பண்ணினது?"

"பைபாஸ்ல ஒரு தம்பி, பாய்."

"சரி. திட்டாதீங்க. சாவி இப்ப ஆன்ல இருக்கா?"

ஆன்லதான் இருந்தது. எத்தனால் விவாதம் நடந்த நேரம் பூராவும் யாரோ சாவியைத் திருப்பியபடியே விட்டிருந்தார்கள்.

"காயில்ல கை வச்சுப் பாருங்க. பாத்து."

வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். சுட்டது. இன்ஜின் ஓடவே இல்லை, காயில் மட்டும் அடுப்பில் வைத்த பாத்திரமாகக் கொதிக்கிறது.

"சாவிய ஆஃப் பண்ணுங்க முதல்ல. கரன்ட் நிக்காம ஓடுது. எங்கயோ எர்த் அடிக்குது" என்றார். அங்கே உட்கார்ந்தபடியே பாதி வழக்கை முடித்துவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுதான் நியாயம். காயிலின் முதல் சுற்றுக்கு மூன்று ஓம் அளவில் தடை. 12 வோல்ட் கொடுத்தால் நான்கு ஆம்பியர், ஏறக்குறைய ஐம்பது வாட். பாயின்ட் திறந்து மூடிக்கொண்டிருந்தால் இது விட்டு விட்டு ஓடும். விடாமல் ஓடினால் அந்தச் சின்ன டப்பா ஐம்பது வாட் ஹீட்டர்தான்.

பாயின்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்றிருந்தாலும் இப்படிச் சுடும் என்பதையும் அவரே சொன்னார். அதனால் சூட்டை மட்டும் நம்பக்கூடாது, லாம்ப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்பாவின் டூல் பெட்டியில் டெஸ்ட் லாம்ப் இருந்தது. பெரிய சாமான் ஒன்றுமில்லை. 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு, ஹோல்டர், இரண்டு வயர், முனையில் கிளிப். மல்டிமீட்டர் வீட்டில் இருக்கிறது, பள்ளிக்கூட லேபில் பத்து இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு லாம்ப்தான் லாயக்கு. மீட்டர் துரு ஏறிய கனெக்ஷனிலும் 12 என்று காட்டிவிட்டுப் போகும். பல்புக்கு உண்மையாகக் கரன்ட் ஓடினால்தான் எரியும், அதனால் பொய் சொல்லாது.

ஒரு கிளிப்பை இன்ஜின் போல்ட்டில் மாட்டினேன். சாவியை ஆன் செய்து, இன்னொரு முனையைக் காயிலில் எஸ்.டபிள்யூ. என்று போட்டிருக்கும் முனையில் வைத்தேன். எரிந்தது. அப்படியென்றால் பேட்டரியிலிருந்து சாவி வழியாகக் காயில்வரைக்கும் கரன்ட் வருகிறது. இக்னிஷன் சுவிட்ச், ஒயரிங் எல்லாம் சுத்தம். அடுத்து சி.பி. என்று போட்ட முனை, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கம். எரியவில்லை. எதிர்வீட்டுப் பையனை உட்காரவைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நல்ல வண்டியாக இருந்தால் இந்த இடத்தில் லாம்ப் விட்டு விட்டு மின்ன வேண்டும்: பாயின்ட் திறந்தால் எரியும், மூடினால் அணையும். இங்கே செத்துக் கிடந்தது.

"டிஸ்ட்ரிபியூட்டர் வயர காயில்ல இருந்து கழட்டுங்க. இப்ப சி.பி.யில வைங்க."

கழற்றிவிட்டு வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

"அப்ப காயில் நல்லாருக்கு. வியாதி டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள."

மேலே இருக்கும் கேப்பையும் ரோட்டரையும் எடுத்தேன். இதுவே நேர்மாறாக, செல்ஃப் அடிக்கும்போது லாம்ப் அணையாமல் எரிந்துகொண்டே இருந்திருந்தால், பாயின்ட் மூடினாலும் கரன்ட் கடக்கவில்லை என்று அர்த்தம். புதுப் பாயின்ட்டில் துரு பிடிக்காமலிருக்க ஒரு எண்ணெய்ப் படலம் தடவி வரும்; அதைப் பெட்ரோல் துணியால் துடைக்காமல் மாட்டினால் அப்படி ஆகும். இல்லையென்றால் பாயின்ட் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அதையும் கேப் என்றுதான் சொல்வார்கள், பெரிதாகி மூடாமலே இருக்கும். நம் கேஸ் அது இல்லை. நம்முடையது திறக்கவே திறக்காத கேஸ்.

வயரை மறுபடி மாட்டிவிட்டு, பாயின்ட் இரண்டுக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் மூலையைக் கிழித்துச் செருகச் சொன்னார். செருகினேன். இப்போது பாயின்ட் கட்டாயம் திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் லாம்ப் எரியவில்லை. ஆக, எர்த் பாயின்ட் வழியாகப் போகவில்லை, வேறு வழியில் போகிறது. கன்டென்சரின் வயரைக் கழற்றிப் பார்த்தேன். புதுக் கன்டென்சர் உள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தால் இப்போது எரிய வேண்டும். எரியவில்லை.

"நட்டுக்கு அடியில என்ன வரிசையில போட்ருக்கான், பாத்துச் சொல்லுங்க" என்றார் பாய். இவ்வளவு நேரமும் அவர் மனசுக்குள் அந்த நட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அந்த இடத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த டிஸ்ட்ரிபியூட்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் என்றைக்காவது உதவும். இது லூகாஸ் டிஸைன். 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் சென்னை பாடியில் செய்தது. உள்ளே சின்னதாக ஒரு இரும்புக் கம்பம் நிற்கும். கம்பம் எர்த். அசைகிற பாயின்ட்டின் ஸ்பிரிங்குக்கு முனையில் ஒரு ஓட்டை. அது இந்தக் கம்பத்தில்தான் நுழைந்து உட்கார வேண்டும், ஆனால் கம்பத்தைத் தொடவே கூடாது. அதற்காக அடியில் ஒரு ஃபைபர் வாஷர், மேலே ஒரு நைலான் புஷ். புஷ்ஷின் மேல் பக்கம் அகலம், கீழே குழல். காயிலிலிருந்து வரும் வயரின் வளையத்தையும் கன்டென்சர் வயரின் வளையத்தையும் அந்தக் குழலில் கோத்து, அப்படியே ஸ்பிரிங்கின் ஓட்டைக்குள் இறக்க வேண்டும். அப்போது இரண்டு வளையமும் ஸ்பிரிங்கைத் தொடும், கம்பத்தைத் தொடாது. கடைசியில் மேலே நட்டு. நட்டு நைலானைத்தான் அழுத்த வேண்டும், வளையத்தை அல்ல.

தம்பி நைலானை முதலில் போட்டு, அதற்கு மேலே காயில் வயரின் வளையத்தை வைத்து, நட்டை இறுக்கியிருந்தான். கன்டென்சர் வளையம் சரியாகக் கீழே இருந்தது. காயிலிலிருந்து வந்த கரன்ட் வளையம், நட்டு, கம்பம் என்று நேராக எர்த்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பாயின்ட் பாட்டுக்கு ஓரமாக நின்று திறந்து மூடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்வைக்கு எல்லாம் அழகாக இருந்தது. இறுக்கம் கச்சிதம், வயர் கோணலில்லை. வேறு எந்த போல்ட்டிலும் வயரை மேலே வைத்து நட்டு இறுக்குவதுதான் சரியான முறை. அவன் கை அப்படிப் பழகிய கை.

வரிசையை மாற்றிப் போட்டேன். பத்திரிகைத் துண்டு நடுவில் இருக்கும்போது லாம்ப் எரிந்தது, உருவியதும் அணைந்தது. பாயின்ட்டை விரலால் திறந்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது. எனக்கு அதைச் செய்துகொண்டே இருக்கலாம் போலிருந்தது. போனில், "என்னம்மா சத்தத்தையே காணோம்" என்றார் பாய்.

அடுத்து பொறி. கேப்பின் நடுவிலிருந்து வரும் பெரிய வயரின் முனையை, பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள இடுக்கியால் பிடித்து, இன்ஜின் பிளாக்கிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். டக் டக் டக்கென்று நீலமாகத் தாவியது. நீலம் என்பது முக்கியம். மஞ்சளாக, மெலிந்து, தாவலாமா வேண்டாமா என்று வந்தால் கன்டென்சர் சரியில்லை என்று சந்தேகப்படலாம். பெட்ரோல் வாடை அடிக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. பானெட்டைத் திறந்துவிட்டு நன்றாகக் காற்றாடிய பிறகுதான் செய்தேன். கையால் பிடித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவரையே பிடிக்கச் சொல்லுங்கள்.

பிளக் நாலையும் கழற்றினேன். பெட்ரோலில் நனைந்து கிடந்தன. துடைத்துக் காயவைத்து, மறுபடி மாட்டி, எல்லா வயரையும் செருகிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

படார்!

கார்புரேட்டர் வழியாக ஒரு வெடிச்சத்தம். மேலே கழற்றி வைத்திருந்த ஏர் ஃபில்டர் அதிர்ந்து, போன் கீழே பேட்டரித் தட்டில் விழுந்தது. மளிகைக்கடை அண்ணன் கடைக்குள் போய்விட்டார். மறுபடி திருப்பினேன். இன்ஜின் பிடிக்கப் பார்க்கிறது, இரண்டு துள்ளு துள்ளுகிறது, பிறகு கார்புரேட்டரில் படார், அடங்கிவிடுகிறது.

போனை எடுத்துத் துடைத்தால், பாய் சிரித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு சிலிண்டர் சம்மதிக்குது, ரெண்டு சம்மதிக்கல. வயரப் பாருங்க" என்றார்.

தம்பி கடிகார முள் சுற்றும் திசையில் 1, 3, 4, 2 என்று வயர்களை மாட்டியிருந்தான். எண் வரிசை மிகச் சரி. இந்த இன்ஜினின் சிலிண்டர்களில் பொறி விழ வேண்டிய வரிசை 1-3-4-2தான். ஆனால் மேலிருந்து பார்த்தால் இதன் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். சுற்றுகிற திசையில் எண்ணிக்கொண்டு போனால் அவன் மாட்டியது 1-2-4-3 ஆகிறது. ஒன்றும் நாலும் எதிரெதிரே இருப்பதால் எந்தத் திசையில் எண்ணினாலும் அவை அந்தந்த இடத்திலேயே இருக்கும், மூன்றும் இரண்டும் மட்டும் இடம் மாறும். அதனால்தான் பாய் சொன்ன அந்த இரண்டு சம்மதம்.

இதில் ஒரு ரசமான விஷயம் இருக்கிறது. இந்த இன்ஜினில் இரண்டாவது, மூன்றாவது பிஸ்டன்கள் ஜோடியாகத்தான் மேலே வரும், ஜோடியாகத்தான் இறங்கும். மூன்று அமுக்கத்தின் உச்சியில் இருக்கும்போது, இரண்டு புகையைத் தள்ளி முடித்து, புதுக் காற்றுக்காக வால்வைத் திறக்கத் தொடங்குகிற தருணத்தில் இருக்கும். மூன்றுக்குப் போக வேண்டிய பொறி அந்த நேரம் பார்த்து இரண்டில் விழுகிறது. உள்ளே வரும் வால்வு திறந்து கிடக்கிறது. நெருப்பு வந்த வழியே திரும்பிக் கார்புரேட்டருக்குள் போகிறது. அந்தப் படார் வேறு ஒன்றுமில்லை. கார்புரேட்டரில் வெடித்தால் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கழற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டால் அந்த வேலை மிச்சம்.

மூன்றையும் இரண்டையும் மாற்றுவதற்கு முன்னால் ஒன்று சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளச் சொன்னார் பாய். ரேடியேட்டர் பக்கம் இருப்பதுதான் ஒன்றாம் சிலிண்டர். அதன் பிளக்கைக் கழற்றி, சாவியை ஆஃப் செய்து, டாப் கியரில் போட்டு, எதிர்வீட்டுப் பையனும் அவன் கூட்டாளியும் வண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ள, நான் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டேன். ஒரு கட்டத்தில் உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளும். அதுதான் அமுக்கம். அதை விட்டுவிட்டுப் புல்லியில் இருக்கும் குறியை மட்டும் நம்பினால், குறி இரண்டு சுற்றில் இரண்டு தடவை வரும். ஒரு தடவை அமுக்கம், ஒரு தடவை புகை வெளியேறும் நேரம். டிஸ்ட்ரிபியூட்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் சுற்றுகிறது என்பதால் பாதி வாய்ப்பு தப்பாகப் போகும். காற்று விரலைத் தள்ளி, புல்லியின் குறியும் நேராக வந்தபோது, ரோட்டர் ஒன்றாம் வயரின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. நல்லது. அதில் தம்பி சரியாகத்தான் இருந்தான்.

இரண்டு வயரை இடம் மாற்றினேன். சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்றுகூட இல்லை, பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் கறுப்புப் புகை, சைலன்சருக்குள் ஒரு சின்ன முணுமுணுப்பு, பிறகு சீராக ஓடியது. "ஆக்ஸிலேட்டர் குடுங்க... விடுங்க... இன்னொருக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்த பாய், "கொஞ்சம் பின்னாடி நிக்குது டைமிங். பாயின்ட் கேப் பாருங்க" என்றார். திருச்சியிலிருந்து, போனில். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைப் போட்டுப் பார்த்தால் கேப் 0.3 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருந்தது, 0.4 வேண்டும். கேப் குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாக விழும். இன்ஜினை நிறுத்தி, பாயின்ட்டின் குதிகால், அதைத் தள்ளித் திறக்கும் கேமின் மேட்டில் ஏறி நிற்கும்படி வைத்துக் கேப்பைச் சரிசெய்தேன். அதன் பிறகு ஓடிய சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஆங், இதான் சார் வண்டி" என்றார். அப்பாவை அவர் சார் என்றுதான் சொல்வார்.

சாயங்காலம் தம்பி வந்தான். நான்தான் வரச் சொன்னேன். திட்டுவதற்கு இல்லை. நட்டைக் கழற்றி, தப்பான வரிசையிலும் சரியான வரிசையிலும் மாற்றி மாற்றிப் போட்டு லாம்ப் வைத்துக் காட்டினேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். "இந்த மாதிரி வண்டி நான் கையே வச்சதில்ல டீச்சர், யூட்யூப் பாத்துதான் பண்ணினேன்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மாருதி 800-க்கே 2000 வாக்கில் ஃபியூல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அவன் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த வண்டி பட்டறைக்குள் வந்திருக்கவே வாய்ப்பில்லை. ஸ்கேனர் வைத்து அவன் கண்டுபிடிக்கிற கோளாறுகள் எனக்கோ பாய்க்கோ புரியாது. ஒன்று மட்டும் சொன்னேன்: பிளக் வயரை மொத்தமாக உருவாதே, ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போ. அப்படிச் செய்தால் எந்தத் திசை, எந்த வரிசை என்று எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கூலி வேண்டாம் என்றான். கொடுத்துவிட்டேன்.

இதைக் கேள்விப்பட்ட ஸ்டாஃப் ரூம் நண்பர் ஒருவர், "பாயின்ட்டே இல்லாத எலெக்ட்ரானிக் கிட் கிடைக்குதே, மாட்டிட வேண்டியதுதானே" என்றார். கிடைக்கிறது. தினமும் ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளலாம். தேய்மானம் இல்லை, கேப் பார்க்கிற வேலை இல்லை. நான் மாட்டமாட்டேன். கிட் போனால் திருமயம் ரோட்டில் நடுவழியில் நான் ஒன்றும் செய்ய முடியாது. பாயின்ட் என்றால் எந்தப் பெட்டிக்கடை வாசலிலும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டு வீடு வந்து சேரலாம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதுப் பாயின்ட்டின் ஃபைபர் குதிகால் கேமில் உரசி முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தேயும். தேய்ந்தால் கேப் மறுபடி குறையும், டைமிங் மறுபடி பின்னால் போகும். கேமில் துளியளவு கிரீஸ் தடவியிருக்கிறேன். துளிக்கு மேல் தடவினால் சூட்டில் உருகிப் பாயின்ட் மேலேயே தெறிக்கும். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாயின்ட்டும் கன்டென்சரும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு டாஷ்போர்டில் இருக்கின்றன. பழைய கன்டென்சர் ஓடிக் காட்டிய கன்டென்சர், அதற்கு ஒரு மரியாதை உண்டு. இப்போது வருகிற புதியவற்றில் பலதும் எனக்குத் திருப்தியில்லை. சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் போகிறவர்கள் யாராவது, பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் கன்டென்சர் கண்ணில் பட்டால் எனக்கு இரண்டு வாங்கி வையுங்கள், பணம் அனுப்பிவிடுகிறேன்.